டேப் ஒட்டியவர்களைத் துரத்திய பிணங்கள்

ஆதிகேசவன் நிம்மதியில்லாமல் பாதிச் சாப்பாட்டில் எழுந்து அங்குமிங்கும் நடப்பது 2006இல் தொடங்கியது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவர் பாதுகாப்பு மேற்பார்வையாளர். அந்த வருடம்தான் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் இயந்திரத்தை ஓட்டும் மணவாளனின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

பிரஸ்ஸை இயக்க இரண்டு கைகளாலும் இரண்டு பட்டன்களை அழுத்த வேண்டும். அப்போதுதான் கை உள்ளே போகாது. வேலை வேகமாக நடக்க வேண்டுமென்று ஒரு பட்டனை டேப் ஒட்டி அமுக்கியே வைத்துவிடுவார்கள். ஆதிகேசவன் அதைப் பிய்ப்பார், அடுத்த ஷிப்டில் மறுபடி ஒட்டியிருக்கும். பலகை எழுதி மாட்டினார், யாரும் படிக்கவில்லை. பயம்தான் ஒரே வழி என்று தோன்றிவிட்டது. டிவியில் தமிழ் பேசிய வெளிநாட்டு ஜாம்பி படம் ஒன்றைப் பார்த்துவிட்டு, அன்றே கதை எழுத உட்கார்ந்தார். விபத்தில் செத்தவர்கள் எழுந்து வந்து டேப் ஒட்டியவர்களைத் துரத்துவதுதான் கதை.

பழவேற்காட்டில் கல்யாண வீடியோ எடுக்கும் அஸ்கர் அலி கேமராவோடு வந்தார். தக்காளி சாஸ் ரத்தம் ஆனது, சைக்கிள் டியூப் குடல் ஆனது. பிணங்களாக நடிக்க ஷிப்ட் முடிந்த ஆட்கள் முகத்தில் பவுடர் அப்பிக்கொண்டு நின்றார்கள். மணவாளன் தானாகவே வந்தான்.

"நானும் வரேன் சார். எனுக்கு மேக்கப்பே தேவயில்ல."

ஆதிகேசவனுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

கேன்டீனில் படம் போட்டார்கள். முதல் பிணம் எழுந்தது; செருப்பு கழன்றுபோக, திரும்பி வந்து மாட்டிக்கொண்டு துரத்தியது. ஒரு சிரிப்பு கேட்டது. குடல் சரிந்து விழுந்த காட்சி முடிந்ததும் திரை முழுக்க ரோஜா இதழ்கள் பறந்தன.

"இன்னா அலி பாய் இது?" என்றார் ஆதிகேசவன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"சாப்ட்வேர்ல அதான் சார் கீது. கல்யாணத்துக்கு வாங்குனது."

அதற்குள் கேன்டீனே சிரித்து உருண்டுகொண்டிருந்தது. அடுத்து மணவாளன் திரையில் கையை நீட்டி, "டேப்பு ஒட்னது யாரு?" என்று கேட்டான். பின்வரிசையில் புதிதாகச் சேர்ந்த ஒருவன் சத்தமாகச் சொன்னான்:

"வெரல மடக்கி வச்சிக்கினு நடிக்கிறாம்பா. நல்லாவே தெரியுது."

ஆதிகேசவன் ஸ்விட்சை அணைக்கப் பாய்ந்தார். மணவாளன் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினான். அவன் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தான்.

வெளியே வந்ததும் அவர் கேட்டார். "உனுக்குக் கோவம் வர்லியா மணவாளா?"

"இன்னாத்துக்கு சார்? பஸ்ஸுல டிக்கெட்டுக்குக் கைய நீட்னாக்கூட மூஞ்சிய திருப்பிக்கிறாங்க. இன்னிக்குதான் எல்லாரும் நேரா பாத்தாங்க."

ஆதிகேசவன் கேட் வரை போனார், திரும்பினார், மறுபடி போனார். இரண்டு நாள் கழித்து அஸ்கர் அலியைத் திரும்பக் கூப்பிட்டார். இந்தமுறை பிணம் இல்லை, சாஸ் இல்லை. மணவாளன் தன் வீட்டில் சோறு பிசைவதையும் சட்டைப் பட்டன் போடுவதையும் எடுத்தால் போதும் என்றார். மணவாளன் கேமராவைப் பார்த்துவிட்டு எழுந்துவிட்டான்.

"பொணமா எத்தினி வாட்டி வேணா வரேன் சார். இது வேணாம்."

அவர் வற்புறுத்தவில்லை.

ஆகவே ஜாம்பி படமே நிலைத்தது. புது ஆட்கள் சேரும்போதெல்லாம் அதைப் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் சிரித்தார்கள். பிரஸ் ஓடும்போது யாராவது பட்டனில் ஒட்ட டேப்பைக் கையில் எடுத்தால், "டேப்பு ஒட்னது யாரு?" என்று மணவாளன் குரலில் நாலு பேர் கத்துவார்கள். எடுத்தவன் இளித்துக்கொண்டு திரும்ப வைத்துவிடுவான். சில நாள் அப்படி நடக்கும். சில நாள் யாரும் கத்தமாட்டார்கள். ஆதிகேசவனே போய்ப் பிய்ப்பார். தான் பயமுறுத்த எடுத்ததை ஊரே சிரித்துப் பார்ப்பதில் அவருக்குக் கடைசிவரை சமாதானம் வரவில்லை.

2009இல் வள்ளூர் மின்நிலையக் கட்டுமான வேலைக்கு மாறிப்போனார். சேர்ந்த முதல் வாரமே அஸ்கர் அலிக்குப் போன் செய்து, அடுத்த படத்துக்கு ரோஜா இதழ் இல்லாத சாப்ட்வேர் கிடைக்குமா என்று கேட்டாராம்.