தூசி ஜோசியர் வீட்டுக் கம்பளம்

இது நடந்த கதை. என் கத்தரிக்கோல் மேல் சத்தியம், ஒரு வார்த்தை கூட்டவில்லை. சரி, ஒன்றிரண்டு கூட்டியிருப்பேன். அந்த வீட்டு வாசலில் நாற்பது பேர் நின்றார்கள் என்று சொல்லத்தான் வாய் வருகிறது, எண்ணிப் பார்த்தால் பதினைந்து தேறும். முடி வெட்டுகிறவன் கதையை வளர்க்காமல் வேறு எதை வளர்ப்பான்? ஆனால் அந்தப் பதினைந்து பேருக்கு முன்னால் ஒரு பொம்பளையின் இருபத்திரண்டு வருஷக் குடித்தனம் கால் மணி நேரத்தில் போனது. அதில் மட்டும் நான் எதையும் சேர்க்கவில்லை.

என் சலூனிலிருந்து நாலு வீடு தள்ளி இருக்கிறார் அவர். வீடு வீடாகப் போய்க் கம்பளம் சுத்தம் செய்வதுதான் பிழைப்பு. ஒல்லியான ஆள். பக்கவாட்டில் திரும்பி நின்றால் ஆளைக் காணோம் என்று தேடுவோம். ஆனால் பிரம்பை எடுத்தால் அடுத்த தெருவில் தூங்குகிற குழந்தை எழுந்து உட்காரும்.

வேலையில் குறை சொல்ல முடியாது. கம்பளத்தைக் கம்பியில் தலைகீழாகப் போட்டு, முதுகுப் பக்கம்தான் அடிப்பார். முகத்தில் அடித்தால் மண் உள்ளே இறங்கிவிடுமாம். தண்ணீர் தொடுவதற்கு முன்னால் ஈர வெள்ளைத் துணியை ஒரு மூலையில் ஐந்து நிமிஷம் அழுத்தி வைத்து, சாயம் போகிறதா என்று பார்ப்பார். வெந்நீர் என்று யாராவது சொன்னால் அடிக்க வருவார். கறை பட்டால் தேய்க்கக் கூடாது, ஒற்றி ஒற்றித்தான் எடுக்க வேண்டும். சோபாக் கால் அழுத்தின பள்ளத்தில் ஐஸ் கட்டி வைப்பார். அது கரைந்து முடிக்கும்போது அமுங்கின இழை தானாக எழுந்து நிற்கும். இதெல்லாம் தங்கமான வேலை.

அதோடு நிறுத்தியிருந்தால் அவருக்கு அந்தப் பட்டப்பெயர் வந்திருக்காது. கம்பியில் போடுகிறவர், கீழே ஒரு செய்தித்தாளை விரிப்பார். அடித்து முடித்ததும் பேப்பரில் விழுந்ததைக் கையால் பரப்பி, சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்து, வீட்டில் இருக்கிற அத்தனை பேரையும் கூப்பிட்டு வாசிப்பார். யார் எங்கே உட்கார்ந்து என்ன தின்றார்கள், யார் செருப்போடு உள்ளே வந்தார்கள், எல்லாம் வரும். அதனால்தான் தூசி ஜோசியர். கேட்டால், மனுஷன் பொய் சொல்லுவான், தூசி பொய் சொல்லாது என்பார். தூசிக்கு அவர்தான் வக்கீல் போல.

என் கடைக்கும் பக்கத்துக் கடைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அந்தப் பக்கம் தையல்கார அக்கா. அந்த அக்காவின் மகளைக் கட்டிக் கொடுத்த இடத்திலிருந்து சம்பந்தி வீட்டார் முதல் தடவையாக விருந்துக்கு வந்திருந்த நாளாகப் பார்த்து ஜோசியர் அங்கே கம்பளம் அடித்தார். பேப்பரில் பதினோரு ஊசி, நாலு பட்டன், ஒரு கை நிறைய பிஸ்கட் தூள், வெட்டிப் போட்ட கால் நகம், எல்லாவற்றுக்கும் நடுவில் நெளிகிற அந்துப்பூச்சிப் புழு. சம்பந்தியம்மாவிடம் நேராகவே சொன்னார், இந்த வீட்டில் தட்டைவிடக் கம்பளம்தான் நிறையச் சாப்பிடுகிறது என்று. இன்றைக்கும் அந்தச் சம்பந்தியம்மா வந்தால் சொந்தமாக ஒரு துண்டு கொண்டுவந்து விரித்துத்தான் உட்காருகிறார்.

அடுத்தது பஸ் டிரைவர். சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார். ஜோசியர் சாம்பலைத் தனியாகப் பிரித்து, ஒரு நாளைக்கு ஆறு என்று கணக்கே சொல்லிவிட்டார். டிரைவர் ஒரு வாரம் டிப்போவில் பஸ்ஸுக்குள்ளேயே படுத்தார். என்னையும் விடவில்லை. என் கடை மிதியடியைத் தட்டிவிட்டு, விழுகிற முடியில் முக்கால்வாசி நரை, இங்கே வருகிற இளைஞர் எல்லாம் சாயம் பூசின கிழவர்கள் என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். சாயம் பூசுகிற ஆட்கள் ஒரு மாதம் என் கடைப் பக்கம் வரவில்லை.

ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அதே டிரைவர் வீட்டில் இன்னொரு நாள் பேப்பரில் நீளமாக ஒரு முடி விழுந்தது. டிரைவர் சம்சாரத்துக்கு முடி குட்டை. அந்தம்மா முந்தானையை வாயில் வைப்பதற்குள் ஜோசியர் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார், "அழாதம்மா. உதிர்ந்த முடின்னா ஒரு நுனியில வெள்ளையா வேர் இருக்கும். இதுக்கு ரெண்டு பக்கமும் இல்ல. இது வெட்டின முடி, சலூன்ல சட்டையில ஒட்டிக்கிட்டு வந்தது." டிரைவர் தப்பித்தார். அந்த ஒரு தடவை நியாயமாக நடந்தார் மனுஷன். அந்த ஒரு தடவைதான் பிற்பாடு அவர் கழுத்தைப் பிடித்தது.

இனி அவர் சம்சாரம். பேச்சு கம்மி. அவரோடு வீடு வீடாகப் போய்க் குஞ்சம் சீவிக் கொடுப்பது அந்த அக்காதான். கம்பளத்தின் ஓரக் குஞ்சத்தில் தூசி உறிஞ்சுகிற மெஷினை வைத்தால் பிய்த்துக்கொண்டு போகும், அதனால் சீப்பு போட்டு விரலால் ஒவ்வொன்றாக நீவ வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக நீவினார். வேர் இருக்கிற முடியும் இல்லாத முடியும் அவருக்கும் தெரியும்.

அவர்கள் வீட்டிலும் ஒரு கம்பளம். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை வாசல் கம்பியில் போட்டு, தெருவே பார்க்க அடிப்பார். பேப்பரில் எதுவும் விழாது. தூசி படாத பேப்பரைத் தூக்கிக் காட்டிவிட்டு, வீடு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எங்கள் மூஞ்சியைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்காகவே அவரை ஏதாவது செய்ய வேண்டும் என்று எங்களுக்கு ஊறிக்கொண்டே இருந்தது.

யோசனை டிரைவருடையது. முடி என்னுடையது, அதாவது என் கடையுடையது. கை தையல்கார அக்காவுடையது. எங்கள் தெருவில் செம்பட்டை முடி ஒரே ஒருவருக்குத்தான், மருந்துக்கடைத் தம்பிக்கு. கல்யாணம் ஆகாத பையன், பார்க்க லட்சணமாக இருப்பான், நிமிர்ந்து பேசமாட்டான். ஒரு முதல் ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை அவனுக்கு முடி வெட்டினேன். கீழே விழுந்ததில் ஒரு சிட்டிகை எடுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். தையல்கார அக்கா ரவிக்கை அளவு எடுக்கிற சாக்கில் அந்த வீட்டுக்குப் போய், சோபாக் காலடியில் கம்பளத்து இழைக்குள் அதை அமுக்கிவிட்டு வந்தார்.

எங்கள் கணக்கு இதுதான். மறுநாள் முடி விழும். ஜோசியர் முகம் ஒரு நிமிஷம் செத்துப்போகும். உடனே லென்ஸை எடுப்பார், வேர் இல்லை என்று தெரியும், எல்லோரும் சிரிப்போம். ஒரு நிமிஷம் அந்த முகத்தைப் பார்த்தால் போதும் என்றுதான் மூன்று பேரும் பேசிக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை. டிரைவர் சும்மா இருக்காமல் தெருவில் பதினைந்து பேரைத் திரட்டியிருந்தார். எதற்கு என்று சொல்லவில்லை, வந்து வேடிக்கை பாருங்கள் என்று மட்டும். பையில் வறுத்த கடலை வேறு வைத்திருந்தார். ஜோசியர் அடித்தார். ஏழாவது அடியோ எட்டாவது அடியோ, பேப்பரில் செம்பட்டையாகக் கொத்து விழுந்தது.

அவர் லென்ஸை எடுக்கவில்லை. அங்கேதான் எங்கள் கணக்கு உடைந்தது. ஊரார் வீட்டு முடிக்கெல்லாம் லென்ஸ் வைத்த மனுஷன், தன் வீட்டு முடிக்கு வைக்கவில்லை. பிரம்பைக் கீழே போட்டுவிட்டுக் குஞ்சம் நீவிக்கொண்டிருந்த சம்சாரத்தைப் பார்த்தார். பிறகு எங்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, மருந்துக்கடைக்காரன் எத்தனை நாளாக வருகிறான் என்று கேட்டார். அந்த அக்கா, அவன் வாசற்படி ஏறினதே இல்லை என்றார். உன் வாயைவிட எனக்குப் பேப்பர் பெரிது என்றார் இவர். சோபாவில்தான் உட்கார்ந்திருக்கிறான், காலடி இழையில் மாட்டியிருக்கிறது, ஒரு நாள் இரண்டு நாள் பழக்கமாகத் தெரியவில்லை என்று வழக்கம்போல வாசிக்கவும் செய்தார். அடுத்த வீட்டுத் தூசியை வாசிக்கிற அதே குரல்.

டிரைவர் கடலை மெல்வதை நிறுத்தவில்லை. யாரோ சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

அந்த அக்கா அழவில்லை. கீழே உட்கார்ந்து ஒரு முடியை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். எழுந்து வந்து அதை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"ரெண்டு நுனியையும் பாருங்க. எனக்காக வேணாம், உங்க தொழிலுக்காகப் பாருங்க."

இப்போதுதான் லென்ஸ் வெளியே வந்தது. பார்த்தார். ஒரு நுனி, மறுநுனி. இதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். லென்ஸைத் துணியில் துடைத்துப் பையில் போட்டார்.

"பார்த்தாச்சு. தூசி பொய் சொல்லாது."

"நல்லாப் பார்த்தீங்களா?"

"நல்லாத்தான் பார்த்தேன்."

"அப்ப சரி," என்றார் அந்த அக்கா.

கையில் இருந்த சீப்பால் மீதிக் குஞ்சத்தையும் கடைசி வரைக்கும் நீவி முடித்தார். சீப்பைப் பேப்பர் மேல் வைத்தார். உள்ளே போய் ஒரு பையோடு வந்தார். கூட்டம் வழி விட்டது. அண்ணன் வீடு ஆறு ஸ்டாப்பிங் தள்ளி. நடந்தே போனார்.

அந்த நேரத்தில் நாங்கள் மூன்று பேர் வாயைத் திறந்திருந்தால் போதும். நான் திறக்கத்தான் போனேன், தையல்கார அக்கா என் முழங்கையைக் கிள்ளினார். கிள்ளினது வலித்தது என்று நான் பேசாமல் இருந்துவிட்டேன். இப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்? ஆனால் அவ்வளவுதான் காரணம்.

மறுநாள் மருந்துக்கடைத் தம்பி தலையைக் குனிந்துகொண்டு வந்தான். "முழுசா எடுத்துடுங்கண்ணே," என்றான். எடுத்தேன். தரையில் கிடந்ததைப் பெருக்கும்போது அதே முடி. அதற்கப்புறம் அவன் வளர்க்கவே இல்லை. பத்து நாளைக்கு ஒரு தடவை மொட்டை. என் கடைக்கு இப்போது அவன்தான் நிரந்தர வாடிக்கை.

மூன்று மாதம் கழித்து ஜோசியர் சவரத்துக்கு வந்தார். கடையில் வேறு யாரும் இல்லை. கன்னத்தில் சோப்பு போட்டுக்கொண்டிருந்தபோது கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"அந்த முடிக்கு வேர் இல்ல தம்பி."

எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டேன்.

"அன்னைக்கே. லென்ஸ வெச்ச உடனே."

"அப்புறம் ஏண்ணே...?"

"அதுக்குள்ள சொல்லிட்டேனே. அத்தனை பேர் நின்னாங்களே."

அந்த அக்காவுக்கும் இது தெரிந்திருக்கும். நல்லாப் பார்த்தீங்களா என்று அவர் கேட்டது முடியைப் பற்றி இல்லை என்று எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. ஜோசியர் நிறுத்தவில்லை. "உன் கடை முடிதான்னும் தெரியும். நுனி நேரா இல்ல, சாய்வா நசுங்கியிருந்துச்சு. உன் கத்தரி மழுங்கிப் போச்சு, சாணை பிடி," என்றார். சவரத்தை முடித்துக்கொண்டு எழுந்து போனார். நானும் சாணை பிடித்தேன். அதுவும் நடந்து மூன்று மாதம் ஆகிறது.

இப்போது அவருக்கு ஊர் வேலை இல்லை. வேர் பார்க்கத் தெரியாத ஜோசியர் என்று யாரும் சொல்லவில்லை. சொந்தப் பெண்டாட்டியை வாசித்தவர் நம்மை விடுவாரா என்று பயந்து கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். முதல் ஞாயிறு மட்டும் தன் கம்பளத்தைத் தானே தூக்க முடியாமல் தூக்கிக் கம்பியில் போட்டு அடிக்கிறார். பேப்பர் சுத்தமாகவே இருக்கிறது. ஒற்றை ஆள் இருக்கிற வீட்டில் என்ன விழும்? போகிற வழியில் டிரைவர், இன்றைக்கு என்ன ஜோசியரே விழுந்தது என்று கேட்காமல் போவதில்லை. குஞ்சம் நீவ ஆள் இல்லாமல் சிக்குப் பிடித்துக் கிடக்கிறது.

இவ்வளவையும் இன்றைக்குக் காலையில்தான் என் கடையில் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். நாற்காலியில் டிரைவர், பாதி முகத்தில் சோப்பு. பலகைக்கு அந்தப் பக்கம் மெஷின் சத்தம் நின்றுபோனது, தையல்கார அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். தெருவில் பிரம்புச் சத்தம். முதல் ஞாயிறு.

டிரைவர்தான் ஆரம்பித்தார். பார்த்தும் மறைத்தவர் அவர், முழுப் பழியும் அவருக்குத்தான், நமக்கு இதில் ஒன்றும் இல்லை, துடைத்துக்கொண்டு போகலாம் என்றார்.

பலகைக்கு மேலே தையல்கார அக்காவின் தலை எழுந்தது. "கடலை தின்னுக்கிட்டே பார்த்த வாய் இது. அவ தினமும் வேலை முடிஞ்சு உன் பஸ்லதானய்யா அண்ணன் வீட்டுக்குத் திரும்புறா. ஏறும்போது ஒரு வார்த்தை சொன்னா என்ன, நாங்கதான் வெச்சோம்னு?"

"டிரைவரோட பேசக் கூடாதுன்னு பஸ்ல எழுதிப் போட்டிருக்கு."

"நீ பேசுறதுக்கு எதுவும் எழுதிப் போடலையே."

வைத்தது யார் கை, நான் நாலு முடி வைக்கச் சொன்னால் பொட்டலத்தோடு கொத்தாக அமுக்கியது யார் என்று டிரைவர் துண்டை உதறி எழுந்தார். ஆள் திரட்டியது யார், பதினைந்து பேர் இல்லாமலிருந்தால் அந்த மனுஷன் சொன்னதைத் திரும்ப எடுத்திருக்கமாட்டாரா என்று அக்கா கத்தரிக்கோலோடு வாசல் வழியாகவே உள்ளே வந்தார். டிரைவர் ஊசிக் கணக்கை எடுத்தார், அக்கா சிகரெட் கணக்கை எடுத்தார், சம்பந்தியம்மா துண்டு வரைக்கும் போனது.

நான் சமாதானம் செய்கிறவன் மாதிரி, சரி விடுங்க, மூணு பேருமே சேர்ந்துதானே செஞ்சோம் என்றேன்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

"முடியக் குடுத்தவன் நீ," என்றார் அக்கா.

"மூணு மாசத்துக்கு முன்னாடியே விஷயம் தெரிஞ்சும் வாயத் தெறக்காதவனும் நீதான்," என்றார் டிரைவர்.

முதலில் பறந்து வந்தது என் சோப்புக் கிண்ணம்.