கணுவுக்குக் கணு வேர்

அறுத்த எருமைப்புல்லின் பச்சை வாடை மூக்கில் ஏறியதும், பள்ளிக்கூடம் விட்டுக் கண் சிவக்கும்வரை நாங்கள் முங்கிக் கும்மாளமடித்த நெரவிக் குளம் ஞாபகம் வந்து, வண்டியை நிறுத்தி இறங்கினேன். குளத்தைக் காணோம். பச்சைத் தரைதான் இருந்தது.

"கால வைக்காதடா லூசு, கீழ தண்ணி!" கரையில் புல்லறுத்துக்கொண்டிருந்த சித்தி கத்தினாள்.

ஆடிப்போனேன். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் பால்மாட்டுக்கென்று சித்தி வாங்கிவந்து கரையில் ஊன்றிய ஒரே ஒரு கட்டு எருமைப்புல், குளத்தையே மூடிவிடுமா?

"அறுக்க அறுக்க வருதுடா," என்றபடி, மாடு தின்னாத முற்றிய தண்டுகளை எப்போதும்போல வாய்க்காலில் வீசினாள். எங்கள் வயலுக்குப் பாயும் வாய்க்கால். முன்பு வீசிய தண்டொன்று ஓரத்தில் ஒதுங்கியிருந்தது. எடுத்தேன். கணுவுக்குக் கணு வெள்ளை வேர்.

"அய்யோ சித்தி, நீ தூக்கிப் போடல, நட்டுக்கிட்டு இருக்க!"