வீட்டில் இருந்த மூன்று வருஷம்

இரும்புக் கம்பியால் டயரில் ஒரு தட்டு. காதைச் சாய்த்து ஒரு நொடி. பிறகு அடுத்த டயர். காற்று குறைந்த டயர் தொண்டை கட்டியவன்போல் பேசும் என்பது அவர் கணக்கு. லாரியை ஒரு முறை முழுக்கச் சுற்றி வராமல் படியில் கால் வைக்க மாட்டார். பின்னால் நிற்கிற வண்டிக்காரன் பொறுமை இழந்து ஹாரன் அடித்தால், "அடிப்பா, கை வலிச்சா நீயே நிறுத்திடுவே" என்று சொல்லிவிட்டு அடுத்த டயருக்கு நகர்வார்.

சக ஓட்டுநர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ரிவர்ஸ் அண்ணன். நீளமான டிரெய்லரை இரண்டு சுவர்களுக்கு நடுவே, ஊசியில் நூல் கோத்ததுபோல், பின்னாலேயே கொண்டுபோய் நிறுத்துவார். மற்றவர்கள் வண்டியைப் பின்னால் எடுத்தால் நாலு பேர் சுற்றி நின்று "வா, வா, ஒடி, ஒடி" என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். இவர் வண்டிக்குப் பின்னால் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி வருவார். "அப்ப நீயே ஓட்டிக்கோ" என்று சாவியை நீட்டுவார். வாங்கியவன் இதுவரை இல்லை.

இப்பேர்ப்பட்ட மனிதரை ஐந்து கம்பெனிகள் திருப்பி அனுப்பின என்றால் நம்பச் சிரமமாக இருக்கும். ஓட்டிக் காட்டும் வரைக்கும் அவர் போகவே இல்லை. மேஜைக்கு எதிரே உட்கார்ந்த இடத்திலேயே கதை முடிந்துபோனது.

"நடுவுல மூணு வருஷம் எந்த வண்டியும் ஓட்டலையே, என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"வீட்டுல இருந்தேன்."

அதற்குமேல் ஒரு எழுத்து வராது. கேட்டவர் முகம் மாறும். குடியா, எங்கேயாவது மோதி லைசென்ஸைப் பறிகொடுத்தாரா, கம்பி எண்ணிக்கொண்டிருந்தாரா என்று அவரவர் கற்பனை அவரவர் வேகத்தில் ஓடும். "சொல்லி அனுப்புறோம்" என்பார்கள். சொல்லி அனுப்பியவர் யாரும் இல்லை.

நடந்தது இவ்வளவுதான். அவர் மனைவிக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது உடம்பின் பலத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. உட்காரவைத்தால் அப்படியே சரிந்துவிடுவார் அந்த அம்மாள். வீட்டை மகளின் சம்பளம் தாங்கியது, மனைவியை இவர் தாங்கினார். தலை பின்னக் கற்றுக்கொண்டார். ஆரம்பத்தில் ஜடை ஒரு பக்கமும் வகிடு இன்னொரு பக்கமுமாகப் போகும். சக்கர நாற்காலியின் இரண்டு டயரையும் காலையில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் "கெளம்பலாமா?" என்பார். "லோடு ரெடி" என்று பதில் வரும். மச்சானின் பழைய காரில் பக்கத்தில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கை கால் பயிற்சிக்கு அழைத்துப் போவார். அந்த ஓட்டம்தான் மூன்று வருஷமும்.

இப்போது அந்த அம்மாள் கைத்தடியோடு நடக்கிறார். வாய்க்கு ஒரு நாளும் தடி தேவைப்பட்டதில்லை. "என் மூஞ்சியவே பாத்தது போதும், போய் ரோட்டப் பாருங்க" என்று கணவரைக் கிளப்பிவிட்டவரே அந்த அம்மாள்தான்.

ஐந்தாவது இடமும் கைவிரித்த பிறகு மச்சான் வந்தார். "வெளிநாட்டுல ஓட்டுனேன்னு சொல்லுங்க மாப்ள. யாரு போய்ப் பாக்கப்போறா?"

"பொய் சொன்னா அத ஞாபகம் வச்சுக்கணும் மச்சான். எனக்கு ரோட்ட ஞாபகம் வச்சுக்கவே மூள பத்தல."

"அப்ப உள்ளத உள்ளபடி சொல்லுங்களேன்" என்றார் மனைவி. "ஜெயில்ல இருந்தேன்னு சொன்னாக்கூட நம்புவாங்க. பொண்டாட்டியப் பாத்துக்கிட்டேன்னு சொன்னாத்தான் நம்ப மாட்டாங்க. இருந்தாலும் சொல்லிப் பாருங்க."

அவர் சிரிக்கவில்லை. "உன் வியாதியக் காட்டி நான் வேல கேக்கணுமா? ரோட்டோரம் துண்ட விரிச்சு உக்காரலாமே அதுக்கு."

பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். பிழைக்கத் தெரிந்தவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

மச்சான் கையில் ஒரு கிடங்குக் காவலாளி வேலை இருந்தது. ஆறாவது இடமும் இல்லையென்றால் அதற்குப் போய்விடுவதாக இவர் ஒப்புக்கொண்டார். ஸ்டியரிங் பிடித்த கையில் டார்ச் லைட்டா என்று உள்ளங்கையை ஒரு முறை திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

ஆறாவது கம்பெனியின் மேலாளரும் அதே கேள்வியைக் கேட்டார், அதே பதிலை வாங்கிக்கொண்டார். பேனாவை மூடினார். பிறகு என்ன தோன்றியதோ, "சரி, வந்ததுக்கு ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்க" என்று எழுந்தார். இவர் டயர்களைத் தட்டி முடிக்கும்வரை மேலாளர் லாரியில் ஏறிப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சந்தை முனையில் ஒரு சைக்கிள் குறுக்கே பாய்ந்தது. பிரேக் விழுந்தது. லாரி குலுங்காமல் நின்றது. ஆனால் கியரில் இருக்க வேண்டிய கை கியரில் இல்லை. பக்கத்து இருக்கைக்கு முன்னால், மேலாளரின் நெஞ்சுக்குக் குறுக்கே, ஒரு தடுப்புக் கட்டைபோல் நீண்டிருந்தது. ஓட்டிக் காட்டும் இடத்தில் அது தப்பு. அவருக்கே தெரியும்.

"யாருக்குங்க கைய நீட்டுறீங்க? நான்தான் பெல்ட் போட்டிருக்கேனே."

சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். "மன்னிக்கணும் சார். பழக்கம்."

"லாரியில இப்படி ஒரு பழக்கமா?"

"லாரியில வந்ததில்ல சார். வீட்டுல இருந்தப்ப வந்தது. பெல்ட் போட்டாலும் அவளுக்கு முதுகு நிக்காது, முன்னால சாஞ்சுருவா..." அங்கேயே நிறுத்திக்கொண்டார். அதிகமாகப் பேசிவிட்டவர்போல் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டிகளைப் பார்த்தார்.

"கம்பெனிக்குத் திருப்புங்க" என்றார் மேலாளர். இவர் திரும்பி வந்து வண்டியைச் சுவரோரம் பின்னாலேயே கொண்டுபோய் நிறுத்தினார். வேலை போயிற்று என்றே முடிவு செய்துவிட்டார். இன்ஜினை அணைத்து, சாவியை உருவி, உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

மேலாளர் வாங்கவில்லை. கதவைத் திறந்து இறங்கினார். "காலையில லோடு இருக்கு. டயரத் தட்டிப் பாத்துட்டு எடுங்க" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் அலுவலகத்தை நோக்கி நடந்தார்.

நீட்டிய கை காலி இருக்கைக்கு மேலே சற்று நேரம் அப்படியே நின்றது. பிறகு விரல்கள் ஒவ்வொன்றாகச் சாவியின்மேல் மூடிக்கொண்டன.