கேசட்டுல ஒப்பாரி பாடுன எங்க மாரித்தாய் அக்கா

மாரித்தாய் அக்கா போயிட்டா... இன்னைக்குக் காலையில. அவ மகன் போன் பண்ணிச் சொன்னான்.

பாட்டுக்காரி மாரித்தாய்னா உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியாது. "ஒப்பாரி மாரித்தாய்"னா தெரியும். எழவு வீட்டு ஸ்பீக்கர்ல கேட்டிருப்பீங்களே, அந்தக் குரல்.

எனக்கு அதுக்கு ரொம்ப முந்தியே அவ அக்கா. கோவில்பட்டிப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸ்ல ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து சட்டத்துல குச்சி அடுக்குனோம்.

அங்கன அவ பாட்டு படிச்சிக்கிட்டேதான் வேலை செய்வா. ஒரு நா கணக்குப்பிள்ளை வந்து, "ஏட்டி, பாட்டு படிச்சா கை நிக்குமா நடக்குமா?"ன்னு ஏசுனாரு.

"அண்ணாச்சி, நான் பாட்டை நிறுத்துனா இவளுக எல்லாரும் மாமியாக் கதை பேச ஆரம்பிச்சிருவாளுக. அப்பத்தான் கை நிக்கும். எது வேணும், சொல்லுங்க"ன்னா.

மனுசன் சிரிச்சிக்கிட்டே போயிட்டாரு. பிறகு ஒரு நாளும் கேக்கல.

சடங்கு வீடு, கல்யாண வீடு, வளைகாப்பு... சுத்துப்பட்டியில பாட்டு படிக்க முதல் தாம்பூலம் அவளுக்குத்தான். கோவில் கொடைத் திருவிழாவுல மைக் பிடிச்சா. அதைக் கேட்டுட்டு கோவில்பட்டியில ஒரு பாட்டுக் குழுவுல சேத்துக்கிட்டாவ. அங்கன இருந்து மதுரையில கேசட் போடுதவரு ஒருத்தரு கூப்பிட்டாரு.

அவரு கேட்டது ஒப்பாரி. அதுதான் விக்கும்னாரு.

எங்க பக்கம் ஆளு உசிரோட இருக்கிற வீட்டுல ஒப்பாரியை முணுமுணுக்கக்கூட விட மாட்டாவ. வாயிலயே போடுவாவ. அதனால அக்கா பாடிப் பழக ஊரைத் தாண்டி கரிசக்காட்டுக்குப் போவா. துணைக்கு நான். "நீ பிள்ளைக்காரி, இதைக் கேக்கக்கூடாது, தள்ளிப் போய் உக்காரு"ன்னு வெரட்டுவா. நான் காதைப் பொத்திக்கிட்டு ஓடைக்கரையில உக்காந்திருப்பேன்.

பொத்துனாலும் கேட்டுது...

ரெக்கார்டிங் முடிஞ்சி வந்ததும், "யாரை நெனச்சி அழுத?"ன்னு கேட்டேன்.

"எங்கம்மா சாகையில எனக்கு நாலு வயசு. எல்லாரும் அழுதாவ, நான் வெளையாடிக்கிட்டு இருந்தேனாம். அந்த அழுகை பாக்கி இருந்துச்சிடி"ன்னா.

கேசட்டு பிச்சிக்கிட்டுப் போச்சி. எழவு வீட்டுல பாட வேன் வச்சி ராமநாதபுரம் வரைக்கும் கூட்டிட்டுப் போனாவ. எப்போதும்வென்றான்ங்கிற ஊர்ல வீடு கட்டுனா, மகனைப் படிக்க வச்சா. பஸ் ஸ்டாண்டுல சனங்க நின்னு பாக்கும்.

ஆனா நல்ல காரியத்துக்கு ஒருத்தரும் கூப்பிடல. ஒரு வீடு கூட இல்ல. "எழவு வீட்டுக் குரல், பிள்ளைக்கு ஆகாது"ன்னுட்டாவ.

"நான் என்ன பாட்டையாடி மாத்துனேன்? அதையும் படிச்சேன், அவ்வளவுதான..." ஒரே ஒரு தடவை சொன்னா.

சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. என் மக வளைகாப்புக்கு நானும் கூப்பிடல. எங்க வீட்டுக்காரரோட கூடப் பிறந்த பெரிய மதினி வேண்டாம்னு சொன்னாவ. நான் வாயைத் திறக்கல.

அக்கா தானா வந்தா. ஒரு டஜன் கண்ணாடி வளையலோட பந்தக்காலு பக்கத்துல நின்னு, "பிள்ளை கையில போட்டுட்டுப் போயிருதேன்"ன்னா. எனக்கு மூஞ்சியைக் காட்ட முடியல.

மனையில உக்காந்திருந்த என் மக சத்தமாச் சொன்னா: "பெரியம்மா, வளையலை மட்டும் குடுத்துட்டுப் போனா எப்படி? பாட்டு படிங்க."

அக்கா என்னைப் பாத்தா. நான் தலையை ஆட்டுனேன்னு நெனைக்கேன். தெரியல.

"பச்ச வளை ஒரு கைக்கு, செவத்த வளை மறு கைக்கு"ன்னு எடுத்தா. குரல் நடுங்குச்சி... எத்தனை எழவு வீட்டுல நடுங்காத குரல்.

எங்க பக்கம் நல்ல காரியத்துல ஒரு அடி முடிஞ்சா பொம்பளைய எல்லாரும் குலவை போடணும். போட்டாத்தான் அடுத்த அடி. அக்கா முதல் அடியை முடிச்சிட்டு நின்னா.

ஒருத்தரும் போடல. நான் பெரிய மதினி மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கேன். அக்கா வளையல் பொட்டலத்தை மடிக்க ஆரம்பிச்சிட்டா.

அப்போ என் மகளே குலவை போட்டா! வளைகாப்புக்காரி தனக்குத் தானே குலவை போட்டதை நான் எங்கேயும் பாத்ததில்ல. கன்னத்துல சந்தனம், கழுத்துல மாலை, அப்படியே நாக்கைச் சுழட்டுதா...

அதுக்கு மேலதான் எனக்கு வாய் வந்துது. பிறகு பந்தல் முழுக்க. பெரிய மதினி மட்டும் போடல.

பதினோரு அடி படிச்சா அன்னைக்கு. வேர்த்து விறுவிறுத்து உக்காந்து ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சா.

அதுக்கப்புறம் எங்க தெருவுல நாலு வீட்டுல கூப்பிட்டாவ. மத்தவிய கூப்பிடல.

அப்போ வயித்துல இருந்த பிள்ளைதான் இப்போ என்ஜினியரிங் படிக்கிற என் பேத்தி. இந்த பேஸ்புக்கும் அவ போட்டுக் குடுத்ததுதான். அஞ்சாப்பு படிச்சவ எழுதுதேன், தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

காலையில அக்கா மகன் போன்ல அழுதான். "சித்தி, ஸ்பீக்கர் செட்டுக்காரன் அம்மா கேசட்டையே போட்டுட்டான். அம்மா சாவுக்கு அம்மாவே அழுவுதா. காது குடுத்துக் கேக்க முடியல. ஊர்க்காரவிய அதுதான் பெருமைங்காவ. என்ன செய்ய?"

"நிறுத்தச் சொல்லுலே. அவ படிச்சது போதும். நாங்க வந்து அழுதுக்கிடுதோம்"னேன்.

எட்டயபுரம் தாண்டி எப்போதும்வென்றான் போற பஸ்ஸுல இருந்துதான் எழுதுதேன். மகளும் கூட வாரா.

போயிட்டு வா அக்கா...