முனியம்மா வாயைத் திறந்த நாள்

சுண்ணாம்புக்குளத்துப் பக்கம் முனியம்மாவின் வாய் சும்மா இருப்பது ஏரிக்குள் இறங்கும்போது மட்டும்தான். சேற்றில் இறாலைத் தடவிப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொள்ள வேண்டும். பறி வாயில் இருக்கும்வரை ஊருக்கு நிம்மதி. கரையேறிவிட்டால், யார் வீட்டுக் குழம்பில் உப்பு கூட என்பதிலிருந்து யார் மகன் எங்கே குடித்தான் என்பதுவரை உள்ளது உள்ளபடி கொட்டிவிடுவாள். தனக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பதில் அவளுக்குப் பெருமை. ஊர் அதை வியாதி என்றது.

அவள் கணவன் சுப்பன் ஏழு வருடமாகப் புழல் சிறையில். இறால் தடவும் இடத்துக்காக வந்த சண்டையில் சின்னப்பனைப் படகு தள்ளும் கழியால் அடித்துவிட்டான். சின்னப்பன் பிழைத்தான், வலது கை விரல்கள் மட்டும் பிறகு மடங்கவே இல்லை. தண்டனை முடியும் முன்பே சுப்பனை விடலாமா, விட்டால் மறுபடி யாரையாவது அடிப்பானா என்று விசாரித்து எழுத நன்னடத்தை அலுவலர் நந்தினி வருவதாகத் தகவல் வந்தது.

ஊர் கூடியது. அடிபட்ட சின்னப்பனே முன்னால் நின்றான்.

"ஆளாளுக்கு ஒண்ணு சொல்லாதீங்க. சுப்பன் தங்கம், அவ்ளோதான். மேடம் போறவரைக்கும் முனியம்மாவைத் தண்ணியில எறக்கி வுட்ருங்க."

புருஷன் வந்து சேர வேண்டுமே. முனியம்மாவும் மறுபேச்சில்லாமல் பறியைக் கவ்விக்கொண்டு இறங்கினாள்.

கரையில் நந்தினி கேட்ட அத்தனை பேரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். சுப்பனுக்குக் கோபமே வராது; எறும்பு குறுக்கே வந்தாலும் நின்று வழிவிடுவான்.

"கோபமே வராதவர் எப்படி உங்க கையை உடைச்சார்?" என்று நந்தினி கேட்டார்.

சின்னப்பன் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டான். "கழி வழுக்கிடுச்சு மேடம்."

நந்தினி ஃபைலை மூடினார். கரையோரத் தண்ணீரில் நின்றிருந்த முனியம்மாவுக்கு அந்தப் பொய் பொறுக்கவில்லை. பறியை வாயிலிருந்து எடுத்தாள்.

"கோவம் வராதுனு எழுதாதீங்க மேடம். வரும். பொசுக்குனு வரும்."

ஊர் தலையில் கை வைத்தது.

"அப்ப மறுபடி அடிப்பாரா?"

"அத நான் எப்படிச் சொல்ல? பாத்தத சொல்றேன். போன வருசம் என் மாமியார் செத்ததுக்கு அது ஜெயில் லீவுல வந்துச்சு. இந்தச் சின்னப்பன் இதே கரையில நின்னுக்கினு அரைமணி நேரம் வாய்க்கு வந்தபடி பேசினாரு. எங்க ஊட்டுக்காரருக்குக் கழுத்து நரம்பெல்லாம் பொடைச்சுக்கிச்சு. பக்கத்துலயே கழி கெடந்துச்சு. தொடல. என் பறியப் புடுங்கி வாயில கவ்விக்கினு தண்ணியில எறங்கிடுச்சு."

நந்தினி சின்னப்பன் பக்கம் திரும்பினார். "துக்க வீட்டுக்கு வந்தவரை ஏன் அப்படிப் பேசினீங்க?"

"அடிக்கிறானா பாக்கலாம்னுதான் மேடம்," என்றான் சின்னப்பன், குரல் இறங்கி. "அவன் வந்தா நானும் இதே ஏரியிலதான் பொழைக்கணும். எனக்கும் பயம் இருக்குமில்ல? ரொம்ப நேரம் கழிச்சுக் கரையேறி வந்தான். பறிய என் காலாண்ட வெச்சான். 'உன்னால தடவ முடியாதே, எடுத்துனு போ'ன்னான். அந்த எறால என்னால துன்ன முடியல மேடம்." சொல்லும்போதே அழுதுவிட்டான்.

"எனக்கு முன்னாடியே நீங்க விசாரணையை முடிச்சிட்டீங்க," என்று நந்தினி ஃபைலை மறுபடி திறந்தார்.

நான்கு மாதம் ஒரு பதிலும் இல்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் புருஷனை உள்ளேயே தள்ளிவிட்டாள் என்று ஊர் பேசியது. முனியம்மாவும் அதை நம்பினாள். பறியைக் கவ்வியபடியே அழுதாள்.

ஐந்தாம் மாதம் விடுதலையாகி, பக்கத்து ஆரம்பாக்கத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கினான் சுப்பன். அவனிடம் சொல்ல முனியம்மா ஏழு வருடப் பேச்சைச் சேர்த்து வைத்திருந்தாள். எதிரில் நின்றபோது ஒரு சொல்லும் வரவில்லை. கண்ணீர்தான் வந்தது.

சுப்பன் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

"இன்னா முனியம்மா," என்றான், "வாயில பறியா கீது?"