பதினொரு குறிப்புகளுக்கு ஒரு முகவரி

மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் காலை ரயிலில், சீட்டாடுகிறவர்களின் முழங்கைகளுக்கு நடுவே மடிக்கணினியை இடுக்கிக்கொண்டு, இன்பராஜ் உலகம் முழுவதற்கும் பொருந்துகிற ஒரு விதியை எழுதிக்கொண்டிருந்தார். கே.ஜி.எஃப்.பின் ஸ்கெலட்டன் குடியிருப்பில் அவர் வீட்டுக் குழாயில் எந்த நாள் தண்ணீர் வரும் என்பதற்கு விதி எதுவும் கிடையாது. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதில்லை.

வயது நாற்பத்தாறு. ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில், அடுத்தவர் எழுதிய நிரலில் பிழை பார்க்கிற வேலை. பக்கத்தில் சுந்தரராஜ், இன்சூரன்ஸ் அலுவலக எழுத்தர், பதினைந்து வருஷ சீசன் டிக்கெட் சிநேகம்.

“தெனம் இன்னாதான்பா எழுதுற? பைபிளைத் திருத்துறியா?”

“லிங்க் எப்பிடி இருக்கணும்னு எழுதுறேன்.”

“லிங்க்னா அழுத்தணும், தொறக்கணும். இதுல எழுத இன்னா கீது?”

“தொறக்கலன்னா?”

திறக்காமல் போனவை இன்பராஜின் மனைவி கரோலினுடைய லிங்க்குகள்.

கரோலின் ஆரம்பப் பள்ளியில் கணக்கு டீச்சர். சிறுநீரகம் கெட்டு, வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்குக் கோலார் போய்வந்த கடைசி மாதங்களில் ஒரு ஆசை வந்தது. மகள் லூயிசாவுக்கு அப்போது பதினான்கு வயது. பதினெட்டு முடிந்ததும் அவள் படிக்கும்படி சில குறிப்புகள் எழுதிவைக்க வேண்டும். காகிதத்தில் எழுதினால் கரையான், போனில் எழுதினால் லூயிசாவே அன்றைக்கு மத்தியானம் கண்டுபிடித்துவிடுவாள்.

“பிளாக்செயின்ல எழுது” என்றார் இன்பராஜ். அப்போது அவர் அலுவலகத்தில் சின்ன பிளாக்செயின் ஒன்றைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே பேரேட்டின் பிரதி பல ஊர்க் கணினிகளில் இருக்கும். ஒருத்தர் அழித்தாலும் இன்னொருத்தரிடம் நிற்கும். பதிவோடு நாலு வரி குறிப்பும் சேர்க்கலாம். முழுப் பிரதி ஒன்றை இன்பராஜே வீட்டுக் கணினியில் வைத்திருந்தார்.

கரோலின் ஒரு நிபந்தனை போட்டாள். “நீங்க படிக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க.”

“ஒலகமே பாக்கற எடத்துல எழுதுவ, நான் மட்டும் பாக்கக் கூடாதா?”

“ஒலகம் பாத்துட்டுப் போவட்டும். நீங்க பாப்பீங்கன்னா எனக்கு எழுத வராது.”

சத்தியம் பண்ணினார். அவர் ரயிலுக்குக் கிளம்பிய பிறகு அவளே தட்டெழுதினாள். பதினொரு குறிப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு லிங்க்கை மட்டும் நோட்டில் குறித்துக் கொடுத்தாள். பன்னிரண்டாவது வருவதற்குள் ஞானஸ்நானம் பெற்ற கோயிலிலேயே அவளுக்கு அடக்க ஆராதனை நடந்தது.

ஒரு வருஷம் கழித்து, அந்தப் பதிவுகளைத் தேடிக் காட்டிக்கொண்டிருந்த இணையதளத்தை அதன் முதலாளிகள் மூடிவிட்டார்கள். குறிப்புகள் பத்திரமாக இருந்தன. போகிற வழி அடைபட்டிருந்தது. லிங்க்கில் பதிவின் எண்ணோடு அந்தத் தளத்தின் பெயரும் ஒட்டியிருந்ததே கோளாறு. அன்றுதான் இன்பராஜ் ரயிலில் எழுத ஆரம்பித்தார்.

அவருடைய வடிவத்தில் மூன்றே பகுதி. எந்த பிளாக்செயின் சங்கிலி, அதில் தேடுவது என்ன வகை, அதன் எண் என்ன. தளத்தின் பெயருக்கு இடமே இல்லை. அந்த நேரத்தில் உயிரோடிருக்கிற ஏதாவது ஒரு தளத்தில் போனே தேடிக்கொள்ளட்டும். இத்துறைக்காரர்கள் கூடி விவாதிக்கிற மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்பினார். சென்னையிலிருந்து நளினி என்கிற பொறியாளர் முதல் பகுதியில் கை வைத்தார். “சங்கிலிக்குப் பெயரை அடையாளமாக வைக்காதீர்கள். பெயரை யாரும் வைத்துக்கொள்ளலாம். முதல் பதிவுக் கட்டின் எண்ணை வையுங்கள். ஒரு சங்கிலி இரண்டாகப் பிரிந்தால், பிரிந்த பிறகு வரும் முதல் கட்டின் எண்.”

இன்பராஜ் ஒப்புக்கொள்ளவில்லை. அறுபத்துநாலு எழுத்து எண்ணை எந்த மனுஷன் வாசிப்பான்? அதோடு, பெயர் அழியும் என்று கே.ஜி.எஃப்.காரரிடம் சொன்னால் எப்படி நம்புவார்? தங்கச் சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழியின் பெயரைச் சொன்னால் ஆட்டோ இன்றும் சரியாகக் கொண்டுபோய் இறக்குகிறது. பொருள் போய்ப் பெயர் நிற்பதைத்தான் அவர் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறார். ஒரே பெயரோடு இரண்டு பொருள் எழுந்து நிற்பதை அந்த ஊர் அவருக்குக் காட்டியதில்லை.

விவாதம் முடிவதற்குள் அந்தச் சின்ன சங்கிலியே நடத்துகிறவர்களின் சண்டையில் இரண்டாகப் பிரிந்தது. பழைய பெயரை ஒரு கோஷ்டி எடுத்துக்கொண்டது, மற்றது புதுப் பெயர் சூட்டிக்கொண்டது. எந்தப் பக்கம் போகிறாய் என்று வீட்டுக் கணினி கேட்டது. இன்பராஜ் பழைய பெயரைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

பெயர் வைத்திருந்தவர்கள் பேரேட்டின் சுமையைக் குறைக்க, தங்கள் பக்கம் வந்த எல்லாப் பிரதிகளிலிருந்தும் பழைய குறிப்புகளை நீக்குவதாக அறிவித்திருந்தார்கள். எண், தேதி, நேரம், எத்தனை எழுத்து என்கிற கணக்கு இவை மட்டும் தங்கும். பதினேழாவது பத்தியில் இருந்த அந்த அறிவிப்பை, ஊரார் பிழையையெல்லாம் பார்க்கிறவர் பார்க்கவில்லை.

தன் வடிவத்தைச் சோதிக்க அவர் கரோலினின் லிங்க்குகளையே அதற்கு மாற்றி மாதிரியாக வைத்திருந்தார். தினமும் ஒன்றை அழுத்துவார். பக்கம் திறக்கும்போது, குறிப்பு வரும் கீழ்ப்பாதியை உள்ளங்கையால் மூடிக்கொள்வார். மேலே எண் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்து, மூடிவிடுவார். ஐந்து மாதம் இப்படிப் போயிற்று. ஐந்து மாதமும் சோதனை வெற்றி.

டைரக்டர்ஸ் ஸ்பெஷல் என்று சீட்டாட்டக்காரர்கள் விஸ்கிப் பெயர் வைத்திருந்த பெட்டியில், பங்காரப்பேட்டை தாண்டுகையில், ஒரு நாள் சுந்தரராஜ் எட்டிப் பார்த்தார்.

“கைய எட்றா.”

“மாட்டேன். சத்தியம் பண்ணியிருக்கேன்.”

“டேய், வெரல் சந்துல தெரியுது. அங்க ஒண்ணுமே இல்லடா.”

இன்பராஜ் கையை எடுக்கவில்லை. சுந்தரராஜ்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். தேதி இருந்தது, நேரம் இருந்தது, எழுத்து முந்நூற்றுப் பன்னிரண்டு என்ற கணக்கு இருந்தது. அதற்குக் கீழே வெள்ளை. சீட்டாட்டம் நின்றது. யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள்.

நளினி உதவிக்கு வந்தார். புதுப் பெயர்க் கோஷ்டி குறிப்புகளை நீக்கவில்லை என்று தெரிந்தது. ஆனால் ஆள் சேராமல் ஒவ்வொரு கணினியாக நின்றுபோய், கடைசிக் கணினியும் ஏழு வாரத்துக்கு முன் அணைந்திருந்தது. வைத்திருந்தவரை நளினி தேடிப் பிடித்தார். அந்த ஆள் மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தார். டிஸ்க்கை அழித்து வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டாராம். முதல் மாதமே கையை எடுத்திருந்தால் பதினொன்றும் கிடைத்திருக்கும். சொன்ன சொல்லைக் காப்பாற்றியதற்கு இவ்வளவு பெரிய தண்டனை இருக்குமென்று எந்தப் பிரசங்கத்திலும் அவர் கேட்டதில்லை.

இன்பராஜ் விதியைத் திருத்தினார். பெயரை எடுத்துவிட்டு, பிரிந்த பிறகு வரும் முதல் கட்டின் எண்ணை வைத்தார். குழு ஏற்றுக்கொண்டது. நளினி பாராட்டி எழுதினார்.

லூயிசாவுக்குப் பதினெட்டு நிறைந்தது பி.யூ.சி. முடிவு வந்த வாரத்தில். அம்மாவின் குறிப்புகளைப் பற்றி அவளுக்கு முன்பே தெரியும். காலையிலேயே தலைகுளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

இன்பராஜ் நடந்ததைச் சொன்னார். தான் தேர்ந்தெடுத்த பெயர், படிக்காத பத்தி, உள்ளங்கை, எல்லாவற்றையும்.

அவள் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, “லிங்க்க குடுங்க டாடி” என்றாள்.

“அதுல ஒண்ணும் இல்லம்மா.”

“என்னா கீதோ அதக் குடுங்க.”

பதினொன்றையும் அவளே திறந்தாள். பழைய வடிவத்தில் ஒன்றுகூடத் திறந்திருக்காது. இவை ஒரு நொடியில் திறந்தன. காலை ஏழு இருபது. ஏழு பதினெட்டு. ஏழு இருபத்தஞ்சு.

“நான் ஸ்கூலுக்குத் தலை பின்னிக்கிற நேரம்” என்றாள். “அம்மா பின்னால ஒக்காந்துக்கிட்டு ‘ஆடாம இரு, ஆடாம இரு’ன்னும். ஒரு கையிலதான் பின்னும். இன்னொரு கையில போன் இருக்கும். யாருக்கு மெசேஜுன்னு கேட்டா, ஹெட்மிஸ்ட்ரஸுக்குன்னும்.”

இன்பராஜுக்கு இது தெரியாது. அந்த நேரத்தில் அவர் எப்போதும் ரயிலில் இருந்தார்.

பதினோராவதில் ஆறே எழுத்து. அவள் திரையைப் பார்த்தபடியே இருந்தாள்.

“இன்னா எழுதியிருக்கும் டாடி?”

“தெரியலம்மா.”

“சும்மா ஒண்ணு சொல்லுங்க.”

அவர் வாயைத் திறந்தார். எதைச் சொன்னாலும் அது கரோலின் சொன்னதாக அவள் மனதில் தங்கிவிடும் என்று தோன்றியது.

“தெரியல” என்றார் மறுபடியும்.

லூயிசா தலையாட்டிவிட்டு, முதல் லிங்க்கிலிருந்து திரும்பவும் அழுத்த ஆரம்பித்தாள்.