சந்தனம் பூசிய நம்பர் பலகை

தூத்துக்குடி துறைமுக வாசலில் லாரி எண்களைப் பதிவு செய்யும் அந்த அம்மாளை, ஆயுதபூஜைக்கு மறுநாள் பார்த்தேன். நுழைவுச்சீட்டுக்காக நான் அங்கே காத்திருந்தேன். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, வருகிற லாரியின் எண்ணை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார். பழக்கதோஷம்தான்; அந்தப் படிக்கும் வேலையை அன்று காலைதான் கேமராவிடம் ஒப்படைத்திருந்தார்கள். அன்று சாயங்காலத்தோடு அவரை வேலையிலிருந்து அனுப்பிவிடுவதாகப் பேச்சு.

முதல் லாரியிலேயே கேமரா திகைத்தது. எண் பலகை முழுக்கச் சந்தனம், குங்குமம். தடுப்புக் கம்பி எழவில்லை. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள். இதற்கு ஏதாவது விதி உண்டா என்று நான் யோசித்து முடிப்பதற்குள், அந்த அம்மாள் ஈரத்துணியோடு சாவடியிலிருந்து இறங்கிப் போனார்.

"சாமி சந்தனத்தைத் தொடைக்கப் போறியாம்மா?" என்று டிரைவர் மறித்தார்.

"திருச்செந்தூர் முருகனுக்கு உங்க நம்பர் தெரியும் அண்ணாச்சி. இந்தக் கேமரா ஊருக்குப் புதுசுல்லா? நம்பரை மட்டும் விட்டுட்டு, சுத்தி எம்புட்டு வேணும்னாலும் பூசிக்கிடுங்க."

டிரைவர் சிரித்துவிட்டுத் தானே துடைத்தார். கம்பி எழுந்தது. அடுத்து வந்த லாரிகளும் சந்தனத்தோடுதான் வந்தன. ஒவ்வொரு டிரைவரிடமும் அவர் பேசினார்.

உள்ளிருந்த அதிகாரி வெளியே வந்தார். "இன்னைக்குச் சந்தனம், மழை வந்தா சேறு. நீங்க இனிமே இங்கனயே நில்லுங்கம்மா."

"நிக்க மாட்டேன் சார். ஒரு நாற்காலியும் குடையும் போடுங்க, இருக்கேன்."

இரண்டும் உடனே வந்தன. என் அரசுப் பணிக்காலத்தில் நான் ஒரு நாற்காலிக்கு முறைப்படி மூன்று பிரதிகளில் விண்ணப்பித்து, ஓய்வுபெறும்வரை காத்திருந்தேன். வேலையே போகவிருந்த நாளில் இப்படிக் கேட்க அவர் எங்கே கற்றாரோ, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.